முளைவிட்ட கொள்ளு

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
ஆடி 18, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வடிவுக்கு,

உன் மாடக்கண்ணு எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்று நிறுத்திவிட்டேன். மலை நலம், சாரல் நலம். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தொண்டையில் ஆபரேஷன் செய்தவள் இன்னும் ஒரு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்புறம் நான் மட்டும் போனில் ஹலோ ஹலோ என்று கத்துவது எதற்கு? முப்பது வருஷம் நீ பேசினாய், நான் கேட்டேன். இப்போது என் முறை. சென்னையில் உன் அக்கா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நீ முறைப்பது எனக்கு இங்கே தெரிகிறது. போனில் மெசேஜ் எழுதலாம்தான். ஆனால் அந்த விரலகலக் கண்ணாடியில் நான் உனக்கு எழுதியதெல்லாம் பொய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

இந்த வருஷச் சாரல் தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி வந்து வந்து போகிறது. காலையில் மலை இருப்பதில்லை, அருவிச் சத்தம் மட்டும் இருக்கிறது. திடீரென்று ஒரு துண்டு வெயில் கொட்டகைக் கூரையில் விழுகிறது. நாம் பார்ப்பதற்குள் போய்விடுகிறது. வாசலில் அல்லி நிற்கிறாள். குதிரையும் வெள்ளை, இறங்கி வந்த மேகமும் வெள்ளை. அவள் எங்கே முடிகிறாள், மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நானும் நின்றுகொண்டே இருக்கிறேன். உன்னைப் போலவே “ஏட்டி அல்லி” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதைத் திருப்பினாள். என்னைத் தாண்டி அடுக்களை வாசலைப் பார்த்தாள்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். “அல்லி நல்லாக் கொழுத்துட்டா, உன் இஞ்சு டேப்பு பத்தல” என்று எழுதினேனே, அது பொய். சீசனில் பிள்ளைகளைச் சுமந்து நடந்த நாளில் அறுபது இஞ்சு டேப் அவளுக்குப் போதாது. நீ இரண்டு டேப்பை முடிச்சுப் போட்டு அளவெடுத்து, சிவப்புப் போர்வை தைத்தாய். அதில் ஒரு டேப்பை உன் தையல் மிஷின் டிராயரிலிருந்து எடுத்து, முன்னங்காலை ஒட்டி நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன். ஐம்பத்து நாலில் நின்றது. மீதி ஆறு இஞ்சு என் கையில் தொங்கியது. விலா எலும்பை ஒன்று இரண்டு என்று எண்ணலாம்.

நீ போன பிறகு அவள் இளைக்க இளைக்க, நான் ஊறவைத்த கொள்ளைக் கூட்டிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணாச்சி, இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு கேள்விப்பட்டதில்லையா? மெலிஞ்ச குதிரைக்குப் போய்க் கொள்ளு வைக்கியளே” என்றாள். பழமொழி பொய் சொல்லுமா என்று நம்பினேன். அன்றைக்கே கொள்ளை நிறுத்தினேன். எள்ளுப் புண்ணாக்கைக் கரைத்து, ஒரு சட்டி நிறைய ஒரேயடியாக வைத்தேன். மத்தியானம் அல்லி தரையில் விழுந்து புரண்டாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், வடிவு. உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று அழுதேன்.

தென்காசி கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து சுஜிதா டாக்டர் ஓடி வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, பொழுது சாயும்வரை அவளை நடத்தச் சொன்னார். “பட்டினி கிடந்த வயித்துக்குத் தீவனத்த இப்படித் திடுதிப்புன்னு மாத்தலாமா அண்ணாச்சி?” என்று என்னை நல்ல வாங்கு வாங்கினார். திட்டிக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் கை கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அல்லி போட்ட லத்திக் குவியல் முழுக்கச் சாரலில் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. இது யார் விதைத்தது என்று கேட்டார். யாரும் விதைக்கவில்லை என்றேன். “அப்ப அல்லிதான் விதைச்சிருக்கா. அவ கொள்ளத் தின்னல அண்ணாச்சி, முழுங்கியிருக்கா” என்றார்.

வாயைத் திறந்து பார்த்தால், ஒரு பக்கம் கடைவாய்ப் பல் மழுங்கித் தேய்ந்திருந்தது. மறுபக்கம் கத்தி முனையாய் வளர்ந்து கன்னத்தை உள்ளே கிழித்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் வலித்திருக்கிறது. அவள் காட்டிக்கொள்ளவே இல்லை. டாக்டர் பல்லை ராவிச் சமன் செய்து, பூச்சி மருந்தும் கொடுத்தார்.

எள்ளும் இல்லை, கொள்ளும் இல்லை, குழைவுதான் வைத்தியம். கொள்ளை விரலில் நசுங்கும்வரை வேகவைத்துக் கடைகிறேன். கோதுமைத் தவிடும் கல் உப்பும் சேர்த்து, வெதுவெதுப்பாகக் கூழ் கரைக்கிறேன். தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டியில் ஆரம்பித்து, நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது அரை டம்ளருக்கு வந்திருக்கிறேன். வைக்கோலுக்குப் பதில் இளம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சம்தான். உனக்கு ஒரு வேளை காப்பி போட்டுத் தராதவன் குதிரைக்கு ஆறு வேளை சமைக்கிறான் என்று மூக்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நேற்று மத்தியானம் கொட்டகையிலேயே கண் அசந்துவிட்டேன். ஒரு கனவு. ஐந்தருவியில் ஐந்து பிரிவிலும் தண்ணீருக்குப் பதில் கஞ்சி விழுகிறது. ஆவி பறக்கிறது. நீயும் அல்லியும் அதன் கீழே நிற்கிறீர்கள். நீ சத்தமாக “ஏட்டி” என்று கூப்பிடுகிறாய், மலை திருப்பிக் கூப்பிடுகிறது. விழித்துப் பார்த்தால் அல்லி என் துண்டை மென்றுகொண்டிருந்தாள். மென்றுகொண்டிருந்தாள் வடிவு! பாதித் துண்டு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் உன் அக்கா மகள் அபர்ணா போன் செய்தாள். “சித்தப்பா, சித்தி பாதிக் கஞ்சிய யாருக்கும் தெரியாம ஊத்திருதாவ. முப்பத்தெட்டு கிலோதான் இருக்காவ. ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருக்காவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீய” என்று அழுதாள். நீயோ “ரெண்டு கிலோ கூடிட்டேன், ஜாக்கெட்டு பத்தல” என்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். நானும் நீயும் போட்டி போட்டுக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம். அந்தச் சோற்றையாவது யாராவது தின்றிருக்கலாம்.

அவள் சொன்னதை உன்னிடம் சொல்லிவிட்டேன். பிள்ளையைக் கோபிக்காதே, என்னைக் கோபி. இதைப் படிக்கும்போது உன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். வெடிக்கட்டும். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

விழுங்கும்போது வலிக்கிறதா? வலித்தால் டாக்டரிடம் எழுதிக் காட்டு. ஒரு வாயில்லா ஜீவன் வலியை மறைத்து என்ன பாடுபட்டது என்று பார்த்துவிட்டேன், நீயும் அப்படிச் செய்யாதே. ஒரு டம்ளர் முடியாவிட்டால் கால் டம்ளர் குடி. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கால் டம்ளர். அல்லிக்கு நான் வைக்கிறேன், உனக்கு அபர்ணா வைப்பாள்.

முதல் ஞாயிறு அல்லி ஐம்பத்து நாலு. இரண்டாவது ஞாயிறு ஐம்பத்து மூன்றே முக்கால். டேப்பைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. இன்று ஐம்பத்து நாலரை. டேப்பைத் தளர்த்திப் பிடிக்கவில்லை, மூன்று முறை அளந்தேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். விலாசம் எழுதிய கவர் நாலு இதனோடு வைத்திருக்கிறேன். நீ உன் கிலோவை எழுது. குறைந்தால் குறைந்தது என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன்.

குற்றாலநாதர் உனக்குத் துணையிருக்கட்டும். லத்திக் குவியலில் முளைத்த கொள்ளை நான் பிடுங்கவில்லை, நீ பார்க்க வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். என்றைக்காவது ஒரு ஞாயிறு அல்லிக்கு டேப் நிஜமாகவே போதாமல் போகும். இரண்டு டேப்பை முடிச்சுப் போட எனக்கு வராது, வடிவு. நீ வந்துதான் போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாடக்கண்ணு