வேப்பமரத்து ஆணி

பங்குனி 3, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்தல். பூலாம்பாடி தாண்டி பெரியசாமி காடு. டிராக்டருக்குப் பின்னால் நம்ம மரம் அறுக்கிற மிஷின். சக்கரம் வைத்த மிஷின் என்றதும் கரும்பு ஜூஸ் என்று நினைத்து டம்ளரோடு வந்தார் ஒருத்தர்.

வெட்டிச் சாய்த்துக் கிடந்த ஒரே வேப்பமரம். பெரியசாமியின் புது வீட்டு நிலைக்கு. வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் குறித்தாயிற்று.

"மரத்துல ஆணி கீணி..."

"சத்தியமா இல்லீங்க." நான் கேட்டு முடிப்பதற்குள் பெரியசாமி. இவ்வளவு வேகமான சத்தியம் என் மாமனார் வாயில்தான் கேட்டிருக்கிறேன், பெண் சமைப்பாள் என்று.

மதியம் பிளேடு ஆணியில் மோதி அறுந்தது. மிஷின் மூடியைப் பிய்த்துக்கொண்டு ஒரு துண்டு சேகரின் கழுத்தோரம் பறந்தது. பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றதால் பிழைத்தான். காலர் போச்சு, கழுத்து இருக்கிறது. நான்? டிராக்டர் டயருக்குப் பின்னால். மேற்பார்வை.

சேகர் என் தங்கை கலாவின் புருஷன். திருப்பூரில் ஃபேன் காற்றில் பனியன் தைத்துக்கொண்டிருந்தவன். சொந்தத் தொழில் என்று இழுத்து வந்த புண்ணியவான் நான்.

4, செவ்வாய்

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த 'வீச்' சத்தம்.

கலா போன். "அண்ணே, அவரு காலர் எப்புடிக் கிழிஞ்சுச்சு?"

"முள்ளுக்கம்பி."

"கழுத்து உசரத்துக்கா முள்ளுக்கம்பி கட்டியிருக்காங்க?"

போனை வைத்துவிட்டேன்.

புது பிளேடு மாட்டியாச்சு. இன்னொரு ஆணி இருந்தால்? பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பட்டை முழுக்கத் தேய்த்தோம். ஆழத்தில் கிடப்பதை அது காட்டாது. பைக் ஹெல்மெட்டோடு நானே மிஷினில் நின்றேன். சாவியைத் தலைகீழாகத் துளையில் குத்திக்கொண்டிருந்தேன்.

"எறங்குங்க மச்சான். நீங்க அறுத்தா மரம் பொழச்சுக்கும், நாமதான் போயிருவோம்."

விட்டுவிட்டுப் போயிடலாம் மாப்ள என்றேன். கெஞ்சினேன்.

"ஆணிக்குப் பயந்து ஓடுனானுவன்னு பேரு வந்தா எவன் கூப்புடுவான்? நாளைக்கு நான் நிக்குறேன்."

கலாவிடம் என்ன சொல்வேன்?

5, புதன்

காற்றே இல்லை. சேகர் நெற்றி நிறையத் திருநீறு, கண்ணாடி, கையுறை. அவனைப் பார்க்கவே முடியவில்லை.

பெரியசாமி சிமெண்ட் வாங்கப் பைக்கில் போனார். அவர் மனைவி டீ கொண்டு வந்தார். நாங்கள் வந்ததிலிருந்து வாய் திறக்காதவர். டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"மிஷினப் போடாதீங்க தம்பி. இன்னொண்ணு இருக்கு."

கல்யாணமான புதிதில் பேய் பிடித்திருக்கிறது என்று, இந்த மரத்தில்தான் அவர் முடியைச் சுற்றிப் பூசாரி ஆணி அடித்தாராம். ஒரு தடவை உட்கார வைத்து. அதில்தான் நம்ம பிளேடு மோதியது. இன்னொரு தடவை நிற்க வைத்து.

"மவளுக்கு மாப்ள பாக்குறோம். அம்மாக்காரி பேய் புடிச்சவன்னு ஆயிருமுல்ல. அதான் அவரு சொல்லல."

ஊர்க்கதைக்கு அலைகிற வாய் எனக்கு. உளியை எடு மாப்ள என்று மட்டும் சொன்னது.

எந்த இடம்? பட்டை மூடி எத்தனையோ வருஷம். கண்ட இடத்தில் உளி வைத்தால் நிலைக்கு ஆகாது.

அந்தம்மா மரத்தின் அடிப்பக்கம் போனார். பிறகு மரத்தூளில், மரத்தை ஒட்டி, அன்று நின்ற உயரத்துக்கு அளவாக மல்லாந்து படுத்துவிட்டார். அடியில் ஒரு முழம் விட்டு வெட்டிய மரம். அதனால் கால் அடிமுனையைத் தாண்டி அந்த ஒரு முழம் வெளியே. உச்சந்தலை வந்த இடத்தில் சேகர் சாக்பீஸால் கோடு போட்டான்.

பைக் சத்தம். பெரியசாமி. வண்டியை நிறுத்தியவர் அப்படியே நின்றார். மனைவி எழுந்திருக்கவில்லை.

நான் ஏதோ உளற வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து கோட்டைக் கையால் அழித்தார்.

"இன்னும் ஒரு சாண் கீழ," என்றார். "நேரா நிக்கல அவ. நான்தானே தலைய அமுக்கிப் புடிச்சிருந்தேன்."