வேலை நாளில் போடாத குளிசை

என் வீட்டுக்காரருக்கு,

பக்கவாதத்தில் வாயும் வலக்கையும் போனதால் இடக்கையால் எழுதுகிறேன்.

“பிரஷரோட யூரிக் அசிட்டும் கூடியிருக்கு. தண்ணி குடிக்கிறதில்லையா, குளிசை போடுறதில்லையா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “அவளுக்குத் திமிருங்க” என்றீர்கள்.

திமிரா? அந்தப் பிரஷர் குளிசை போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். மலையில் கக்கூஸ் ஏது? கொழுந்து பறிக்கும் நிரையிலிருந்து தேயிலைக்குள் ஒதுங்கப் போனால், “நெரைய விட்டு எங்கடி போற?” என்று எல்லோர் முன்னாலும் கத்திய கங்காணி நீங்கள்தானே? அதனால்தான் வேலை நாளில் குளிசையும் போடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

இப்போது நான் முனகினாலே மூத்திரச் சட்டியோடு ஓடி வருகிறீர்கள். உங்கள் நிரையில் கொழுந்து பறிக்கும் மருமகளுக்கும் அதே குளிசைதான் கொடுத்திருக்கிறார்கள். நாளை அவள் ஒதுங்கப் போகும்போது, இந்தச் சட்டியை நினைத்து வாயை மூடுங்கள்.

உங்கள் நிரையில் பதினெட்டு வருடம் அடக்கிக்கொண்டு நின்றவள்