கை நீட்டினால் வந்துவிடுகிறாள்

அடி அண்ணாமலை
2.11.2004

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், உடம்பு மட்டும்தான் சுகம் என்று இந்தத் தடவை சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொண்டு வெளியே போங்கள். போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ ம் ம் என்று கேட்டுவிட்டு, கிளாசுக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய், போன வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்கு நான் அப்பா திதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படித்தான் வைத்தாய், மறக்கவில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறேன், பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது, கிணறு பாதிக்குமேல் ஏறிவிட்டது. உன் தம்பி மாறன் எட்டரைக்கு வேங்கிக்கால் ஆபீசுக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருகிறான், அவன் பெண்டாட்டி வேதாவுக்கு டவுனில் ஸ்கூல் வேலை, பகல் முழுக்க அவர்கள் மகள் ஓவியாவோடு நான் ஒருத்திதான். அவளுக்கு வருகிற தையில் ஒன்பது முடிகிறது. பேச்சு இன்னும் இல்லை. ஆனால் இந்த மே மாதம் உன் யுனிவர்சிட்டியிலிருந்து உன்னிடம் படிக்கிற தேவிப்ரியாவை அனுப்பினாயே, அந்த வேலூர்ப் பெண் இரண்டு மாதம் தங்கி, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடுக்கிற அந்த நடத்தைப் பயிற்சியை அப்படியே செய்தாள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். வந்த முதல் செவ்வாய்க்கிழமையே வேதா எதிரில் என்னைப் பார்த்து, பாட்டி நீங்க குடுக்கிற செல்லம்தான் பிரச்சனையே என்று சொன்னாள், அதை வேண்டுமானால் குறை என்று வைத்துக்கொள்.

அவள் வருவதற்குமுன் இந்தப் பிள்ளையை யாரும் தொட முடியாது, தெரிந்தவர் தெரியாதவர் பேதமில்லாமல் கடித்துவைப்பாள், என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. தேவிப்ரியா எதிரில் உட்கார்ந்து கையை விரித்து, இங்கே வா என்பாள், வந்து கையில் கை வைத்தால் ஒரு தேன்மிட்டாய், நோட்டில் ஒரு டிக். வராவிட்டால் ஒன்றுமில்லை. முதலில் ஒவ்வொரு தடவையும் கொடுத்தாள், பிறகு மூன்று தடவைக்கு ஒன்று, பிறகு எப்போதாவது ஒன்று. கடிப்பதற்குத் தனிப் பக்கம். ஒரு நாளைக்குப் பதினொன்று என்று ஆரம்பித்தது ஜூன் கடைசியில் பூஜ்யம் ஆனது, நாம் எல்லோரும் கைதட்டினோம். நீதான் போனில் சொன்னாய், ஒரே ஆள் கூப்பிட்டு வந்தால் பத்தாதும்மா, பல பேர் கூப்பிடணும், புது ஆள் கூப்பிட்டாலும் வரணும், அப்போதான் பாடம் நிலைக்கும் என்று. அதன்படி பக்கத்து வீட்டார், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுகிற சகாதேவன் எல்லோரும் வாசலில் வந்து கை நீட்டினார்கள். எல்லோரிடமும் போனாள்.

இனிமேல் எழுதுவது என் தப்பு. தேவிப்ரியா ஊருக்குப் போனபிறகு நிறுத்தியிருக்கவேண்டியதை நான் நிறுத்தவில்லை. தொண்ணூற்றெட்டு தை மாதம் ஓவியாவுக்குக் காது குத்தினபோது உன் பெரிய அத்தை, மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு, இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டே, இந்த மாதிரி ஒண்ணு நம்ம வூட்ல எப்பவும் பொறந்ததில்லயே என்று பத்துப்பேர் கேட்கச் சொன்னாள், உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. இந்த ஆவணியில் அவள் மகன் வேங்கிக்காலில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். நான் ஓவியாவைக் கூடத்து நடுவில் நிறுத்தி, வந்தவர்களை எல்லாம் கை நீட்டிப் பாருங்க என்றேன். இருபத்திமூன்று பேர். ஒவ்வொருத்தர் கையிலும் கை வைத்தாள். கடைசியில் உன் அத்தையும் நீட்டினாள், அவளிடமும் போனாள், அத்தை முகம் சுண்டிப்போனது, எனக்கு ஆறு வருஷத்து வயிற்றெரிச்சல் அடங்கியது. அந்த ருசியில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாசலில் மோர் ஊற்றிக்கொண்டே, எங்க பேத்தியக் கூப்பிட்டுப் பாருங்க என்று நானே சொன்னேன். போன வாரம் சகாதேவன் வந்து, ஆயா, டீக்கடையில உங்க வூட்டுக்குப் பேரே கை நீட்டினா வர்ற பொண்ணு வூடுதான் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் அது நடந்துவிட்டது.

போன புதன்கிழமை ஐப்பசிப் பௌர்ணமி, சாயந்திரம் நாலரை மணி இருக்கும், ரோடு நிறையச் சனம். மோர் தீர்ந்து உள்ளே போய்க் கரைத்துக்கொண்டு வருவதற்குள் பிள்ளை இல்லை. குளத்துத் திருப்பம் தாண்டி வேன்கள் நிற்கிற இடத்தில் பார்த்தேன், ஓர் ஆள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும், கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பில்லை, நெற்றியில் விபூதி, பார்த்தால் பயப்படும்படி ஒன்றுமில்லை. நான் கத்தியதும் திரும்பி, கோச்சுக்காதீங்க பாட்டி, வருமாமேன்னு சும்மா கூட்டிப் பாத்தேன், இவ்ளோ தூரம் வரும்னு நெனக்கலே என்றான். எந்தூருப்பா நீ என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கூட்டத்தில் கலந்துவிட்டான். அது இருக்கட்டும். அவன் கையை விட்டபிறகு நான் ஓவியாவைப் பிடித்து இழுத்தேன், அவள் வரவில்லை மதி. அழவில்லை, முரண்டவில்லை, அவன் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், மிட்டாய்க்கு. கடைசியில் நான் மண்ணில் உட்கார்ந்து, கையை விரித்து, தேவிப்ரியா குரலில் இங்கே வா என்றேன். உடனே வந்தாள். ஒன்பது வருஷம் சோறு ஊட்டின எனக்கும் அவனுக்கும் அவளிடம் ஒரே மதிப்பு.

மாறனிடம் சொன்னேன், நீதானம்மா எல்லாருக்கும் காட்டின என்றான், அது உண்மை. வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்ளோ கஷ்டப்பட்டு வந்தது போயிடும் அத்தை, எதையும் மாத்தாதீங்க என்கிறாள். அவளையும் குறை சொல்ல முடியாது, பெற்ற பெண் தன் கையைத் தொடவே அவள் எட்டு வருஷம் காத்திருந்தாள். ஆனால் அந்தக் கடி ஒன்றுதான் இந்தப் பிள்ளையிடம் இருந்த கதவு. வேண்டாம் என்பதை வேறு எப்படிச் சொல்வது என்று காட்டிக்கொடுக்காமல் அதைப் பூஜ்யமாக்கி நோட்டில் எழுதிக்கொண்டோம், நீயும் உன் மாணவியும் நானும்.

நீ போன கடிதத்தில் எழுதியிருக்கிறாய், இந்த வருஷம் முப்பத்திரண்டு பேர் உன்னிடம் படிக்கிறார்கள், தேவிப்ரியா இங்கே எடுத்த ஓவியா வீடியோவைத்தான் நல்ல உதாரணம் என்று காட்டப்போகிறேன் என்று. காட்டாதே. காட்டினால் இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் படித்துக்காட்டு. அந்த முப்பத்திரண்டு பேரும் முப்பத்திரண்டு வீட்டுக்குப் போவார்கள், அங்கேயும் ஒரு பிள்ளை எல்லோர் கையிலும் கை வைக்கும், அங்கேயும் கைதட்டுவார்கள். வா என்பதற்கு முன்னால் மாட்டேன் என்பதைக் கற்றுக்கொடுக்கச் சொல், தலையை ஆட்டியோ கையைத் தள்ளியோ ஒரு படத்தைக் காட்டியோ, உனக்குத்தான் வழி தெரியும். எனக்குத் தெரிந்தமட்டும் ஐந்து நாளாய் நானே செய்து பார்க்கிறேன். பூக்காரம்மா கை நீட்டுவாள், ஓவியா போனால் ஒன்றும் இல்லை, நின்றால் நான் மிட்டாய் கொடுப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் நிற்கவில்லை, மிட்டாய் டப்பா அப்படியே இருக்கிறது.

தீபம் இருபத்தாறாம் தேதி. இன்னும் இருபத்துநாலு நாள். அன்றைக்கு இந்த ரோட்டில் எத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பௌர்ணமி முடிந்து வெளியூர் ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்றிருந்தேன். இன்றைக்குக் காலையில் கேட்டைப் பூட்டிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அதே ஆள் ரோட்டில் போனான், கூட இன்னொருத்தன். நிற்கவில்லை, கூப்பிடவில்லை, எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தபடியே உள்ளங்கையை மட்டும் விரித்துக்காட்டிக்கொண்டு போனான். ஓவியா எழுந்து கேட்டு வரைக்கும் போய்க் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினாள். உன் தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறேன், போலீசில் எழுதிக் கொடுக்க வைக்கிறேன். ஆனால் போலீஸ் ரோட்டைத்தான் பார்க்கும், இந்தப் பிள்ளைக்குள் இருப்பதை நீதான் பார்க்கவேண்டும்.

தீபாவளிக்கு லீவு இல்லை என்று எழுதாதே, தேவிப்ரியாவை அனுப்புகிறேன் என்றும் எழுதாதே, அவளையும் கூட்டிக்கொண்டு நீ வா. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் நன்றாக வரவேண்டும், அண்ணாமலையார் துணை. ரயிலுக்கு டிக்கெட் எடுத்ததும் வீட்டுக்குப் போன் பண்ணு, மணி அடித்து நான் எடுக்கவில்லையென்றால் வாசலில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள், அதற்காக உள்ளே வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆ. ஜோதியம்மாள்