சடையின் நிழல்

என் பிரியமுள்ள மதினிக்கு,

விருதுநகரில் உங்களுக்கு நெஞ்சுப் படம் எடுத்த அதே அறையில்தான் இப்போது எனக்கு நர்ஸ் வேலை. வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

அன்றைக்கு நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மதுரையில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்து அடைத்து உங்களுக்கு ஓயாத இருமல். திருத்தங்கலிலிருந்து இரண்டு பேரும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சடையை அவிழ்த்து உச்சியில் முடிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார் படம் எடுப்பவர்.

"எம் புருசன் குத்துக்கல்லாட்டம் வெளிய உக்காந்திருக்காக. நான் எதுக்குத் தலைய விரிக்கணும்? எளவு வீட்டுக்கா வந்திருக்கேன்?"

உங்கள் வாய்க்கு யார் பதில் சொல்வது? சடை தோளில் கிடக்க அப்படியே எடுத்துவிட்டார். படத்தில் வலது கழுத்தெலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு தீற்றல். "சடை நிழல்தாம்மா. சீசன் முடிஞ்சா இருமல் நின்னுரும்" என்றார் டாக்டர். அண்ணன் நிம்மதியாகி உங்களுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தாராம்.

தீபாவளி முடிந்தது. இருமலில் ரத்தம் வந்தது. இரண்டாவது படத்துக்கு நீங்களே தலையை அவிழ்த்துக்கொண்டீர்களாமே. நிழல் இருந்த இடத்தில் அப்போது குழி விழுந்திருந்தது. அடுத்த தீபாவளிக்கு நீங்கள் இல்லை.

நானும் படம் பார்க்கப் பழகிவிட்டேன். காற்று நிறைந்த நல்ல நுரையீரல் கறுப்பாக விழும். கூராக இருக்க வேண்டிய அடிமூலை வெள்ளையாக மூடிக் கிடந்தால் நீர் கோத்திருக்கிறது. காய்ச்சலோடு ஒரு பாகம் முழுக்க வெளுத்திருந்தால் அநேகமாக நிமோனியா. மேல்நுனியில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போலிருந்தால் டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும். சடையின் நிழல் நுரையீரலோடு நிற்காது, கழுத்துவரை ஏறும்.

உங்கள் முதல் படத்தைத் தேடி எடுத்தேன், டாக்டரைத் திட்டத்தான். சடையின் நிழலும் நோயின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. திட்ட முடியவில்லை. கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இப்போது நான் யாரையும் தலையை அவிழ்க்கச் சொல்வதில்லை. பின்னலை அப்படியே சுருட்டி உச்சியில் கொண்டை ஊசி குத்திவிடுகிறேன். இவ்வளவுதான் மதினி. அன்றைக்கு இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

உங்கள் மகள் எஸ்தரும் எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிறாள். ஒரு மாதமாக இருமல். போன வாரம் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உங்களைப் போலவே அடர்த்தியான முடி. நானே சுருட்டிக் குத்தினேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வலது நுனியில் வெள்ளை.

"சடையா, சிஸ்டர்?"

ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

"இல்ல டாக்டர்."

சளியையும் சோதித்தார்கள். அதேதான். வெளியே பெஞ்சில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, அம்மாவுக்கு வந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். அழவில்லை. "அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

இன்னும் குழி விழவில்லை மதினி. ஊசியும் மாத்திரையும் தொடங்கியாயிற்று. பிழைப்பாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒரு ஊசிகூடத் தவறாமல் என் கையால் போடுவேன். அடுத்த படத்தில் என்ன தெரிந்தாலும் அதை அவளிடம் மறைக்க மாட்டேன், உங்களிடமும்.

உங்கள் நாத்தனார்,
ஞானசெல்வம்