மாமனார் வீட்டுத் துண்டு

10.6.2025, செவ்வாய்

மாமனாரின் காரியத்தைப் பற்றித்தான் கீழ்பென்னாத்தூர் வீட்டில் இன்று முழுக்கப் பேச்சு. அப்பாவை இழந்த மகன்களுக்கு அவரவர் மாமனார் புதுத் துண்டு கொண்டுவந்து தலைப்பாகை கட்ட வேண்டுமாம். என் கணவன் செழியனின் அண்ணன் சுரேஷ்குமார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "உனக்கு யார்ரா கட்டுவாங்க? பாய் வருவாரா?"

செழியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

11.6, புதன்

அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. எங்கள் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்ததே இல்லை, இன்றைக்கு மட்டும் எடுப்பாரா? எனக்குத்தான் வெட்கமில்லை.

16.6, திங்கள்

காரியத்தில் சுரேஷ்குமாரின் மாமனார் பையைப் பிரித்தார். அந்தப் பச்சைப் பை எனக்குத் தெரியாதா? தேரடி வீதியில் எங்கள் அப்பாவின் துணிக்கடைப் பை. யார் வீட்டுக் காரியம் என்று கேட்காமல் அப்பா துண்டு எடுத்துத் தரமாட்டார். தெரிந்தே விற்றிருக்கிறார்!

உள்ளே இரண்டு துண்டு. பெரியவர் தயங்கினார். "சின்னவருக்கும் ஒண்ணு குடுத்தனுப்பினாரும்மா பாய். நானே கட்டிடட்டுமா?"

செழியன் தலையைக் குனிந்துவிட்டான், கட்டிக்கொள்ள.

"வேணாங்க," என்றேன். "துணி அனுப்பத் தெரியுது, நேர்ல வரத் தெரியலையா அவருக்கு?"

வெறுந்தலையோடு நின்றான். என் வீம்பால்தான். இப்போது என்னோடு பேசமாட்டேன் என்கிறான். பேச வேண்டாம், போ.

17.6, செவ்வாய்

பஸ் பிடித்துக் கடைக்கே போய்விட்டேன். துண்டை மேசைமேல் வீசினேன்.

"ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் துண்டு விக்கிறீங்க. உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் பார்சலா?"

துணி எடுக்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்பா துண்டைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். "நான் வந்து நின்னா உன் மாமியார் வூட்ல உன்னைத்தான் பேசுவாங்க, சதஃப்."

"இத்தனை வருசமும் அந்த பயம்தானா? கோவம் இல்லையா?"

அப்பா துண்டை மறுபடி மடித்து வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

20.6, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து அப்பா வந்தார். தலையில் தொப்பி, கையில் அதே துண்டு.

"காரியம் முடிஞ்சப்புறம் கட்டறது பழக்கமில்ல," என்று சுரேஷ்குமார் ஆரம்பித்தார்.

"நீ உள்ள போடா," என்ற என் மாமியார், தானே மணையைக் கொண்டுவந்து போட்டார்.

அப்பாவுக்குத் துண்டு விற்கத்தான் தெரியும், காரியத்துக்குக் கட்டத் தெரியாது. நிக்காஹ் அன்று மாப்பிள்ளைக்குக் கட்டுவதுபோல, நெற்றிமேல் மடிப்பு வைத்து, முதுகில் நுனி தொங்கவிட்டுக் கட்டினார்.

எனக்குக் கோபம் போகவில்லை. செழியன் சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை.