ஊஞ்சல் வரிசையில் சிவப்புச் செருப்பு

அவனியாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்தது நின்றுபோகிறது. லீவு முடிந்து உங்கள் ரூமுக்குத் திரும்பும் விருமாண்டி அண்ணன் இன்று சாயங்காலம் கிளம்புகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. அஞ்சாவது படித்தவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளை அழகுமீனா போய் நேற்றோடு அறுபத்திரண்டு நாள். அவள் சாமானை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னீர்கள். சட்டை, பொம்மை, தட்டு எல்லாம் கொடுத்தேன். சிவப்புச் செருப்பைக் கொடுக்கவில்லை. அது ரேஷன் பைக்குள் கிடந்தது. அது எப்படிப் பைக்குள் வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

போன மாதம் ரேஷன் கடைக்குப் போனவள், கால் போன போக்கில் நம் பிள்ளை விளையாடும் பார்க்குக்குள் போய்விட்டேன். அங்கே பேயாண்டி என்று புது வாட்ச்மேன். ரெண்டு ஊஞ்சலுக்கு அம்புட்டுப் பிள்ளைகளும் சண்டை போட்டதால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும். செருப்பு முன்னால் வந்தால் அந்தப் பிள்ளை ஆடலாம். பிள்ளை இல்லாவிட்டால் செருப்பைக் கடைசிக்கு நகர்த்திவிடுவார்.

நான் ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். பையிலிருந்து செருப்பை எடுத்து வரிசையில் வைத்துவிட்டேன். முன்னால் வந்ததும் "யாருத்தா செகப்புச் செருப்பு?" என்று கேட்டார். பாப்பா திருமங்கலத்தில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றேன். கடைசிக்கு நகர்த்தினார். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். "ஏம்மா, ஒம் மக கலெக்டர் வேலைக்கா போயிருக்கா, வரவே மாட்டேங்குறா?" என்று சிரித்தார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது. அங்கே இப்போது வருகிற யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது அவள் சறுக்குமரத்துப் பக்கம் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே கடலை விற்கும் ஒச்சம்மாவுக்கு ஒரு பெண்பிள்ளை. நம் பிள்ளை வயசு. காலில் செருப்பு கிடையாது. செருப்பு இல்லாவிட்டால் வரிசையும் இல்லை. ஒரு புங்க இலையை வரிசையில் வைத்துப் பார்த்தாள், மற்றப் பிள்ளைகள் மிதித்துவிட்டுப் போனார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை சிவப்புச் செருப்பு முன்னால் வந்ததும், நான் வாய் திறப்பதற்குள் ஓடிப்போய் அதற்குள் காலை விட்டுக்கொண்டாள். பேயாண்டி அண்ணன் "ஏத்தா, அது ஓஞ் செருப்பா?" என்று அதட்டினார். பிள்ளை என்னைப் பார்த்தாள். "அவளுதுதாண்ணே" என்று சொல்லிவிட்டேன். நானே ஆட்டியும் விட்டேன். "அத்தே, இன்னும் வேகமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது மாமா. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

அப்புறம் ஒச்சம்மா, "மதினி, ஒங்க பாப்பா ஊருலருந்து வார வரைக்கும் இவ போட்டுக்கிரட்டுமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பிள்ளை தெருவெல்லாம் அதைத் தட்டித் தட்டி நடந்து போனாள்.

ரெண்டு நாளாகக் கடலை வண்டி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. இன்று மூணாம் நாள்.

இறந்த பிள்ளை செருப்பை உயிரோடு இருக்கும் பிள்ளைக்குப் போட்டுவிட்டேனே, அதனால் வந்ததோ என்று ஒரு மனசு அடித்துக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு வந்ததே கொசுவால் வருகிற காய்ச்சல் என்றுதானே டாக்டர் சொன்னார், கொசுவுக்குச் செருப்பு தெரியுமா என்று இன்னொரு மனசு கேட்கிறது. எது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொன்னதில்லை. நம் பிள்ளைக்கு மூணாம் நாள் காய்ச்சல் விட்டது. உடம்பு ஜில்லென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்து, ஆசைப்பட்டாளே என்று பார்க்குக்குக் கூட்டிப்போனேன். ஊஞ்சலில் உட்கார மாட்டேன் என்றாள், கால் வலிக்கிறது என்றாள். தூக்கிக்கொண்டு திரும்பினேன். அப்போது கழற்றிப் பைக்குள் போட்ட செருப்புதான் அது. காய்ச்சல் விடும் நேரம்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டினால்கூட நன்றாக இருக்கும்.

ஒச்சம்மா வீடு பெருங்குடி ரோட்டில் என்று பேயாண்டி அண்ணன் சொன்னார். காய்ச்சல் விட்டதென்று சும்மா இருக்காதே, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார் என்று அவளிடம் சொல்ல வேண்டும். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பாள். என் மகள் திருமங்கலத்தில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். இதுவரை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன். அவள் செருப்பைத் தூக்கி என் மேல் எறிந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். கூடவே ஆஸ்பத்திரிக்கும் போகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நம் பாண்டி கோயில் சாமியை நினைத்து அந்தப் பிள்ளைக்காகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். பெயர் நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்று பயந்தேன். பெயர் இல்லாவிட்டாலும் கும்பிடுங்கள். நம் பிள்ளைக்குக் கும்பிட்டதைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கும்பிடுங்கள் மாமா.

உங்கள்,
பாண்டீஸ்வரி