மோட்டார் இல்லாத தண்ணீர்

அன்புள்ள சின்னவளுக்கு,

என் வலது முழங்காலைத் தவிர இங்கு எல்லாரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். மூன்று வருடமாக அம்மாவின் கடிதத்தின் அடியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்ற ஒற்றை வரியாக ஒட்டிக்கொண்டிருந்தவன் தனியாக எழுதுகிறேனே என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை.

பழங்கால ரோமாபுரியைப் பற்றிக் கற்றுக்கொடுக்கிற உன் பள்ளிக்கு இந்த மாதக் கடைசிக்குள் பத்துக் கூட்டாளிகள் சேராவிட்டால் இணைய வகுப்புகளையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று உன் அண்ணியிடம் சொன்னாயாமே. என்னிடம் சொல்லவில்லை, சொல்லும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு நீ கிளம்பிய அன்று, செத்துப்போன ஊரோட கதை யாருக்கு வேணும் என்று வாசலில் நின்று கேட்டவன் நான்தானே. அண்ணிதான் தான் வேலை பார்க்கிற நூலகத்துக் கணினியில் உன் பள்ளியின் பக்கத்தைக் காட்டினாள். கூடச் சேர எத்தனையோ வழி போட்டிருக்கிறாய், பாடங்களை மொழிபெயர்க்கலாம், பத்துப் பேர் உட்கார்ந்து பார்க்க ஓர் அறை கொடுக்கலாம், பாடத்துக்கு மாதிரி செய்து காட்டலாம் என்று. மொழிபெயர்ப்பை அம்மா பிடுங்கிக்கொண்டாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஊரார் பேச்சைக் கேட்டவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்கிறாள். அண்ணி நூலகத்து மாடியறையை ஒழித்துக் கொடுத்தாள். நான்தான் கையை வீசிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் உன் தண்ணீர்ப் பாடத்தைப் பார்த்தேன். மலையிலிருந்து ஊர்வரை, அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் கட்டிய கல்வளைவுகளின் தலைமேல், மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக நடந்து வருகிறது. குழாய் ரிப்பேரிலேயே ஆயுசு போனவன் நான். தண்ணீர் என்றால் எனக்கு ஒழுகல், அடைப்பு, வசவு. அது இப்படிச் சத்தமில்லாமல் வரும் என்று தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதும் பேருந்திலும் அந்தத் தண்ணீர் கூடவே வருகிறது. யார் வீட்டுத் தொட்டியடியில் குனிந்தாலும் தலைக்குமேல் வளைவுகள் போகிற மாதிரி இருக்கிறது. போன வாரம் வாஷரைக் கையில் வைத்துக்கொண்டே வாஷரைத் தேடினேன், அந்த வீட்டு அம்மாள் சிரித்துவிட்டாள்.

மாடியறையில் பழைய குழாய்களை நீளவாக்கில் அறுத்து, பலகைக் கால்கள் நிறுத்தி, சுவருக்குச் சுவர் ஒரு கால்வாய் போட்டேன். கைப்பழக்கம் விடுமா, சாக்கடைக் குழாய்க்கு வைக்கிற நல்ல சரிவான வாட்டத்தையே வைத்துவிட்டேன். தண்ணீர் பாய்ந்து வந்து கடைசிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அண்ணியின் அகராதிகளைக் குளிப்பாட்டியது. அவள் அவற்றை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் காயப்போட்டாள், அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று நீ பாடத்தில் சொல்வதை மறுபடி மூன்று தடவை கேட்டேன். ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டை விட்டு மயிரிழை நகர்ந்தால் போதும் என்று நான்கு நாள் உட்கார்ந்து கால்களை ஒவ்வொன்றாக இழைத்தேன். நேற்றுக் காலை அம்மா ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். அது போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. வெயில் அதன்மேல் பட்டுக் கூரையில் ஆடியது, மூன்று பேரும் அதைப் பார்த்தபடி நின்றோம். வெகுநேரம் கழித்துக் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அம்மா அழுதாள். நான் முழங்கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். உன்னிடமும் அன்றைக்கு வாசலில் நான் அந்த முதல் தண்ணீர் மாதிரித்தான் பாய்ந்தேன், சின்னவளே. தப்பு என்னுடையது.

ஈரத் தலையோடு வகுப்பு எடுக்காதே, படத்தில் தெரிகிறது. கண்ணாடியையும் மாற்று. உன் பள்ளி நீ நினைத்தபடி நிலைக்கட்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். கூட்டாளிப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குப் பதினொரு நாள்தான், மறந்துவிடாதே. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். 'பள்ளியோடு உங்களுக்கு என்ன உறவு' என்று கேட்டிருக்கிறாய். குழாய்க்காரர் என்று எழுதி அடித்துவிட்டேன். அதை நீயே நிரப்பிக்கொள். அங்கே எழுதத் துணியாததை இங்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா